குழவி இல்லாத ஆட்டுக்கல்

அத்தியாயம் 17

வீரையன் கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு."

காலை எட்டு மணி. தென்பாதிமங்கலம் மதகிலிருந்து தெற்கே நாற்பது அடிக்கு ரோட்டின் பாதியில் சம்பா நெல் விரிந்து கிடந்தது. வண்டி ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொரு கல்லிலும் சுண்ணாம்பில் ஓர் எண். ஒன்று முதல் பதினாறு வரை.

கல்லுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கும் மனிதர் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான். "வீரையன் கல்லுக்கெல்லாம் ஆதார் கார்டு வாங்கிட்டாரு" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. காலையில் வைக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் எடுக்கும்போது மூன்று தடவை எண்ணுவார். ஒரு கல் குறைந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"மாமா, நான் வரேன்" என்று ஷோபனா ஸ்கூட்டியை நிறுத்தாமலே சொன்னாள்.

"மெதுவா போம்மா. மதகுகிட்ட பாத்துப் போ."

தினமும் இதே வார்த்தைகள்தான். மருமகள் மேல் மாமனாருக்கு இருக்கும் அக்கறை என்று இத்தனை வருஷமாக அவள் நினைத்திருந்தாள்.

கதையைப் பாதியில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷோபனா தஞ்சாவூரில் சாலைப் பாதுகாப்புப் பிரிவில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். விபத்துக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் பொறுப்பு. கணவன் மதிவாணன் 2021 கடைசியில் சிங்கப்பூர் போனவன். மூன்று வருஷம் தாண்டியும் ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை. பொங்கலுக்கு வருகிறேன் என்பான், சித்திரைக்கு வருகிறேன் என்பான், பிறகு லீவு கிடைக்கவில்லை என்பான். அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று உறவில் நாலு பேர் வாய் கூசாமல் சொன்னார்கள். போன வாரம் அதைக் கேட்டுவிட்டு ஷோபனா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன வாரம் இன்னொன்றும் நடந்தது. ஹஃப்ஸா வந்து போனாள்.

ஹஃப்ஸா ஒவ்வொரு பிப்ரவரியிலும் அலுவலகத்துக்கு வருவாள். வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கும் வேலை அவளுக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் ஜாஃபர் சாதிக் மன்னார்குடியிலிருந்து பைக்கில் வரும்போது ரோட்டில் கிடந்த கல்லில் மோதி இறந்தான். கல்லை விட்டுப் போனது யார் என்று தெரியாமலே போலீஸ் வழக்கை மூடிவிட்டது.

"கல்லு யாருதுன்னு ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். வேறெதுவும் கேட்க மாட்டாள். டீ கொடுத்தால் குடித்துவிட்டுப் போவாள்.

"கொரோனா நேரத்துல எட்டு மாசம் கடையைப் பூட்டிட்டு வீட்லயே இருந்தாரு தங்கச்சி. தும்மல்கூட வரல. கடையைத் தெறந்து நாலாவது மாசம் போயிட்டாரு" என்றாள் போன வாரம். போகும்போது வாசலில் நின்று, "இனிமே எனக்கு உங்க ஊர்தான். இந்த மாசத்துலேருந்து தென்பாதிமங்கலம் போட்டிருக்காங்க" என்றாள்.

விபத்து நடந்தது தன் ஊர் ரோட்டில்தான் என்பது ஷோபனாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ரோட்டில் நாற்பது வீட்டு நெல் காய்கிறது. யார் வீட்டுக் கல்லோ என்று அவள் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். தேற்றிக்கொள்வது எப்போதுமே சுலபம்.

அலுவலகத்தில் செம்மொழி மேடம் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். புள்ளியியல் அதிகாரி. தர்மபுரிக்காரர். பேச்சில் சர்க்கரை கிடையாது.

"தில்லியிலேருந்து ஒரு படிவம் வந்திருக்கு ஷோபனா. ஊரடங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் மாசவாரியா எத்தனை பேர் செத்தாங்க, எத்தனை பேருக்குக் காயம். கோடு போட்டுக் காட்டணும். மாவட்டத்துக்கு ஒண்ணு, முக்கியமான ரோட்டுக்குத் தனித்தனியா ஒண்ணு."

மாவட்டத்துக் கோடு சீக்கிரம் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் ஒரே இறக்கம். ஊரடங்கு தளரத் தளர மெல்ல ஏறி, வருஷக் கடைசிக்குள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் இன்னொரு தடவை இறங்கி, மறுபடி ஏறியது.

"நாடு முழுக்க ஏறக்குறைய இதே கதைதான்" என்றார் செம்மொழி. "அடைச்சு வச்சா குறையுது, தெறந்துவிட்டா கூடுது. இதைத் தெரிஞ்சுக்க ஒரு படிவம். சரி, அந்த மன்னார்குடி ரோட்டைப் போடு."

போட்டாள். கோடு வேறு மாதிரி வந்தது.

ஊரடங்குக்கு முன்னால் சமமாகப் போன கோடு, அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இரண்டு இடத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. அக்டோபரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. 2021, 2022, 2023, 2024. ஒரு வருஷம்கூடத் தவறவில்லை.

செம்மொழி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"இதென்ன? இந்த ரெண்டு மாசமும் உங்க பக்கம் என்ன விசேஷம்? தேரா, திருவிழாவா?"

ஷோபனா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அறுப்புங்க மேடம். அக்டோபர்ல குறுவை. பிப்ரவரியில சம்பா."

"அறுப்புக்கும் ரோட்டுக்கும் என்ன?"

"நெல்லு காயப் போடுவோங்க. ஈரம் பதினேழு சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான் கொள்முதல் நிலையத்துல எடுப்பாங்க. முன்னாடியெல்லாம் களத்துல காயப் போட்டாங்க. ரெண்டு நாள் ஆகும். ஊரடங்கு வந்தப்ப கோடை நெல்லு அறுத்த சமயம். ரோடு காலியாக் கிடந்துச்சு. தார் ரோட்டுல ஒரே வெயில்ல காஞ்சிடுச்சு. ருசி கண்டுட்டாங்க."

"வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகும் விடல?"

"விடலீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ரோட்டுல இடம்கூட இருக்கு. மதகுலேருந்து நாற்பது அடி இவங்களுக்கு, அதுக்கப்புறம் புளியமரம் வரைக்கும் அவங்களுக்குன்னு. பட்டாதான் இல்ல, மத்தபடி யாரும் யார் இடத்துலயும் கொட்ட மாட்டாங்க."

செம்மொழி அலமாரியைத் திறந்து நீலக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அந்த ரோட்டு வழக்குகளின் நகல்கள்.

"எண்ணிக்கை மட்டும் அனுப்பினா எவனும் ஒண்ணும் செய்ய மாட்டான். அந்தப் பிப்ரவரி கேஸெல்லாம் படி. எது நெல்லு, எது கல்லுன்னு காரணம் எழுது. நாளைக்குக் காலையில வேணும். அப்பத்தான் ஊருக்கு ஒரு களம் கட்டிக் கொடுங்கன்னு நான் மேல கேக்க முடியும்."

ஷோபனா இதுவரை எண்களை மட்டும்தான் ஏற்றியிருக்கிறாள். இறந்தவர் ஒன்று, காயம் இரண்டு. கட்டுக்குள் இருப்பதைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய வேலையும் இல்லை.

2021 பிப்ரவரி ஒன்பது. மாலை ஆறே முக்கால். இறந்தவர் பெயர் ஜாஃபர் சாதிக், வயது முப்பத்தாறு, மொபைல் கடை வைத்திருந்தவர். இடம், தென்பாதிமங்கலம் மதகுக்குத் தெற்கே சுமார் முப்பத்தைந்து அடி.

அவள் விரல் அங்கேயே நின்றது. மதகிலிருந்து நாற்பது அடி வரை வீரையன் வீட்டு இடம்.

அடுத்த வரியைப் படித்தாள். "சாலையில் கிடந்த ஆட்டுக்கல் குழவி ஒன்றின் மீது முன்சக்கரம் மோதியதில்..."

கல் இல்லை. குழவி.

வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்குப் பக்கத்தில், ஓர் ஆட்டுக்கல் கிடக்கிறது. குழவி கிடையாது. அத்தை சாவித்திரி தினமும் காலையில் எழுந்ததும் அதன் குழியில் தண்ணீர் ஊற்றுவாள். குருவிகள் வந்து குடிக்கும். விபத்து நடந்த மாதம் ஷோபனா தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பாபநாசம் போயிருந்தாள். திரும்பி வந்து, "குழவி எங்கத்தை?" என்று கேட்டதும் சாவித்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உடைஞ்சு போச்சு" என்றதும் அவளுக்கு நினைவிருக்கிறது. கருங்கல் குழவி எப்படி உடையும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் தையில் அடாத மழை. நெல்லெல்லாம் ஈரம். தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்கக் கனமாக ஏதாவது வேண்டியிருந்திருக்கும். யாரோ கொல்லைக்குப் போய்க் குழவியைத் தூக்கி வந்திருக்கிறார்கள். நெல்லை அள்ளும்போது மற்ற கல்லையெல்லாம் எடுத்து, அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மாமா ஏன் கல்லுக்கு நம்பர் போட்டார் என்பது அவளுக்கு இப்போது புரிந்தது.

கட்டின் கடைசியில் ஒரு ரசீது. வழக்கு முடிந்த பின் பொருள்களை ஒப்படைத்ததற்கு. பைக் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, ஆட்டுக்கல் குழவி ஒன்று. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து, ஹஃப்ஸா.

புருஷனைக் கொன்ற கல்லை ஒருத்தி எதற்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்? ஷோபனா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் டீ குடித்தபோதெல்லாம் ஹஃப்ஸா "கல்லு" என்றுதான் சொன்னாள். ஒரு தடவைகூடக் குழவி என்று சொல்லவில்லை.

மதியம் மாடிப்படிக்குக் கீழே நின்று சிங்கப்பூருக்குப் போன் போட்டாள்.

"என்னடி இந்த நேரத்துல? சைட்ல இருக்கேன்" என்றான் மதிவாணன்.

"ஒண்ணு கேக்கணுங்க. நம்ம ஆட்டுக்கல் குழவி எங்க?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

"ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி" என்றாள்.

"யாரு சொன்னா உங்கிட்ட?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தக் குழவி என்று கேட்டிருக்கலாம். யார் சொன்னது என்று கேட்டான். ஷோபனா சுவரில் சாய்ந்துகொண்டாள். அவனுக்கு அங்கே வேறு பெண் இருக்கிறாள் என்று நினைத்து அழுத அழுகையெல்லாம் வீண். இதற்கு அது எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தக்கா வருஷா வருஷம் எங்கிட்ட வந்து கேக்குறாங்க. நான் டீ வாங்கிக் குடுத்து அனுப்புறேன். உங்களுக்கு..."

போன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டாள். வேறு அழைப்பில் இருப்பதாகக் குரல் வந்தது. யாரோடு பேசுகிறான் என்று யோசிக்க வேண்டியதில்லை. அம்மாவோடுதான்.

செம்மொழி மேடத்திடம் தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பினாள். பொய்யும் இல்லை. தலை வெடித்துவிடும் போல்தான் இருந்தது. ஸ்கூட்டியை மெதுவாக ஓட்டினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள், வைக்கோல் கட்டுகள், நெல் காயும் தார். எங்கே பார்த்தாலும் கல். செங்கல், கருங்கல், உடைந்த மைல்கல், சாமி கும்பிட்டுவிட்டு விட்ட கல். நாலு வருஷமாக இதே வழியில் போய் வந்தவள், இன்றைக்குத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

மதகில் வண்டியை நிறுத்தினாள். நெல் அள்ளியாகிவிட்டது. பதினாறு கல்லும் போய்விட்டன. முப்பத்தைந்து அடியைக் காலால் அளந்தாள். தார் தாராகத்தான் இருந்தது. ஒரு கறை இல்லை, கீறல் இல்லை. இரண்டு நெல்மணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது அடையாளம் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

வீட்டு வாசலில் ஊதா நிற ஸ்கூட்டி நின்றது.

அலுவலக வாசலில் அவள் பார்த்திருக்கும் அதே வண்டி.

உள்ளே கூடத்தில் வீரையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பிரஷர் பட்டை. எதிரே முக்காலியில் ஹஃப்ஸா, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி. இதுதான் உன் வீடா? எனக்குத் தெரியாது பாரு" என்றாள். பிறகு வீரையனிடம், "நூத்தி தொண்ணூறு இருக்குப்பா. மாத்திரை எடுக்குறீங்களா?"

"எடுக்குறேம்மா."

"தூக்கம் எப்படி?"

வீரையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"நாலு வருஷமா சரியாத் தூங்கறதில்லம்மா."

ஹஃப்ஸா நோட்டில் எழுதிக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தாம்ப்பா" என்றாள், எழுதிக்கொண்டே.

சமையல்கட்டு வாசலில் சாவித்திரி நின்றிருந்தாள். மருமகளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. மகன் பேசிவிட்டான். அவளுக்கு எல்லாம் தெரியும். ஷோபனாவுக்குத் தெரியும் என்பதும் தெரியும். கண் மட்டும் கெஞ்சியது.

"கை கழுவணும்மா. கொல்லைப் பக்கம் எங்க?" என்று ஹஃப்ஸா எழுந்தாள்.

"இங்கேயே சொம்புல தண்ணி தரேன். கொல்லையெல்லாம் ஒரே சேறு" என்றாள் சாவித்திரி, அவசரமாக.

"சேறு எனக்குப் புதுசாம்மா? எல்லார் வீட்டுக் கொல்லையையும் பாத்துட்டுத்தான் வரேன்."

சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். ஷோபனாவும் பின்னாலேயே போனாள்.

கிணற்றடியில் சேறு இல்லை. துவைகல்லுக்குப் பக்கத்தில், ஆட்டுக்கல் இருக்கும் இடத்தில், நாலைந்து சாக்கு மூடிக் கிடந்தது. காலையில் இல்லாத சாக்கு. சாக்கின் மேலும் பக்கத்திலும் ஏழெட்டுக் குருவிகள். கொத்திப் பார்ப்பதும் பறப்பதும் திரும்ப வந்து அதே இடத்தில் உட்காருவதுமாக இருந்தன.

ஹஃப்ஸா கை கழுவினாள். பிறகு நின்று அந்தக் குருவிகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அதுங்க ஏன் அந்த இடத்தையே சுத்துது?"

சாவித்திரி பின்வாசலில் வந்து நின்றாள். வீரையன் அவள் பின்னால், கையில் அவிழ்க்காத பட்டையோடு.

இன்னும் ஒரு நிமிஷம் போனால் ஹஃப்ஸா பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி அலுவலகத்துக்கு வருவாள். ஷோபனா மறுபடி டீ வாங்கிக் கொடுப்பாள். நாளைக் காலை படிவத்தில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிவிடலாம். மதி ஊருக்கு வருவான். வீடு வீடாகவே இருக்கும். இவ்வளவும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

குனிந்து சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

குருவிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஆட்டுக்கல்லின் குழியில் காலையில் அத்தை ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது.

ஹஃப்ஸா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"இதோட குழவி எங்க?" என்றாள். அலுவலகத்தில் கேட்கும் அதே குரலில்தான் கேட்டாள்.

"உங்க வீட்ல இருக்கு அக்கா" என்றாள் ஷோபனா.

ஹஃப்ஸா நிமிரவில்லை.

"குழவின்னு சொன்னா ஆட்டுக்கல்லை ஒளிச்சிடுவாங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் கல்லுன்னே சொன்னேன்" என்றாள். "குழவி இருந்தா எங்கயோ ஒரு வீட்ல குழி காலியா இருக்கும்ல? மூணு வருஷமா இந்தப் பையைத் தூக்கிக்கிட்டு கொல்லை கொல்லையாப் பாக்குறேன். பிரஷர் பாக்குற வேலைக்கு அதுக்காகத்தான் சேந்தேன்."

குழித் தண்ணீரில் கையை வைத்தாள். எடுத்தாள்.

"யாரு விட்டுட்டுப் போனது?"

"நான்தாம்மா" என்றார் வீரையன். "நான்தான் வச்சேன். நான்தான் எடுக்க மறந்தேன். போலீஸைக் கூப்பிடு. நான் வரேன்."

அவர் முன்னால் வரக் காலெடுத்து வைத்தார். சாவித்திரி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பொய் சொல்றாரும்மா. நம்பாத. அவரு அன்னைக்குச் சாயந்தரம் இங்க இல்லவே இல்ல. கொள்முதல் நிலையத்துல மூட்டைக்குக் காவல் இருந்தாரு. ஊரே சாட்சி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹஃப்ஸா மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

அப்போது ஷோபனாவின் கையில் போன் அடித்தது. சிங்கப்பூர் எண். திரையில் மதியின் கல்யாணப் போட்டோ, மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் எடுக்கவில்லை. குனிந்து, ஈரம் காயாத ஹஃப்ஸாவின் கையில் போனை வைத்தாள்.

"நீங்க பேசுங்க அக்கா."